குடியை நிறுத்திய மூன்றாவது நாள்

ஒவ்வோர் ஆண்டும் தைப்பூச விரதம் தொடங்கும் நாட்களில் நம் தாமான்களிலும், பிளாட்டுகளிலும், இன்னும் மிச்சம் இருக்கும் தோட்ட லயன்களிலும் ஒரு காட்சி நடக்கிறது. பத்துப் பதினைந்து வருடமாகத் தினமும் குடித்த மனிதர், காவடி எடுப்பதாக நேர்ந்து கொண்டு, ஒரே நாளில் போத்தலைத் தூக்கி எறிகிறார். வீடே மகிழ்கிறது. மறுநாள் காலையில் காப்பி தம்ளரைப் பிடிக்க முடியாமல் அவர் கை ஆடுகிறது. இரண்டாம் நாள் வேர்த்துக் கொட்டுகிறது, வாந்தி, தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் இரவு, சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்கிறார். செத்துப் போன அண்ணன் வாசலில் நின்று கூப்பிடுகிறார் என்கிறார். சாமி வந்து விட்டது என்கிறார் ஒரு பெரியவர். செய்வினை என்கிறார் இன்னொருவர். பூசாரியைத் தேடி ஓடுகிறார்கள்.

வாசகர்களே, அது சாமியும் அல்ல, செய்வினையும் அல்ல. மனத்தில் உறுதி இல்லாததால் வரும் நடுக்கமும் அல்ல. அது ஒரு நோய். அதற்கு மருந்து இருக்கிறது. அந்த மருந்து கிடைக்காவிட்டால் ஆள் செத்துப் போகலாம். இந்தக் கடைசி வாக்கியம் நம் வீடுகளில் பலருக்கு இன்றுவரை தெரியாது என்பதால்தான் இந்த வாரத் தலையங்கத்தை இதற்கே ஒதுக்குகிறோம்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். மது மூளையை மந்தமாக்கும் பொருள். தினமும் அது உள்ளே வந்தால், மூளை அதை எதிர்த்துக் கொண்டு தன் வேகத்தைக் கூட்டி வைத்துக் கொள்கிறது. லோரி ஓட்டும் சகோதரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பிரேக்கை மிதித்தபடியே வண்டி ஓட வேண்டுமானால் எண்ணெயையும் சேர்த்து அழுத்த வேண்டும். வருடக் கணக்கில் அப்படி ஓட்டி விட்டு, ஒருநாள் திடீரென்று பிரேக்கிலிருந்து மட்டும் காலை எடுத்தால் வண்டி என்ன ஆகும்? கை நடுங்குவதும், நெஞ்சு படபடப்பதும், ரத்த அழுத்தம் ஏறுவதும், வலிப்பு வருவதும் அதுதான்.

இதற்கு ஒரு கால அளவு உண்டு. கடைசியாகக் குடித்து ஆறு எட்டு மணி நேரத்தில் நடுக்கம், வேர்வை, குமட்டல், எரிச்சல் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி தடுமாறும். காய்ச்சல் அடிக்கும், இல்லாத உருவங்கள் தெரியும், இடம் எது, நேரம் எது என்று தெரியாது. இந்தக் கட்டம்தான் உயிரை எடுப்பது. எல்லோருக்கும் இது வராது. பெரும்பாலோருக்கு நடுக்கத்தோடும் தூக்கமின்மையோடும் நின்று, ஐந்து முதல் ஏழு நாளில் உடம்பு தணிந்து விடும். தூக்கம் சரியாக மட்டும் சில வாரம் பிடிக்கும்.

யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். காலையில் எழுந்ததும் கை நடுக்கம் நிற்க ஒரு வாய் ஊற்றிக் கொள்பவர். முன்பு நிறுத்தியபோது வலிப்பு கண்டவர், அல்லது பிதற்றியவர். வயதானவர், ஈரல் கெட்டவர், சரியாகச் சாப்பிடாதவர். இன்னொன்றையும் கவனியுங்கள். பலமுறை நிறுத்தி, பலமுறை திரும்பத் தொடங்கியவருக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பின் எதிர்ப்பு முன்பை விடக் கடுமையாகலாம். "போன வருடம் சும்மா நிறுத்தினாரே, ஒன்றும் ஆகவில்லையே" என்ற கணக்கு இங்கே செல்லாது.

இப்படிப்பட்டவரை டாக்டர் பார்க்கும் முன் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். குடியை எதிர்த்து எழுதும் நாமே இதைச் சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் மருத்துவம் சொல்வது இதுதான். முதலில் கிளினிக், பிறகு நிறுத்துவது.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? அறையில் போட்டுப் பூட்டுகிறோம். மோர் கொடுக்கிறோம், எலுமிச்சம்பழத்தைத் தலையில் தேய்க்கிறோம். வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறோம், பல்லுக்கு இடையில் கரண்டியை வைக்கிறோம். சாவிக்கொத்தால் ஒரு பயனும் இல்லை. கரண்டி பல்லை உடைக்கும். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், 999க்கு அழையுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் தூக்க மாத்திரையை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சே நின்று போகலாம்.

கிளினிக் கெசிஹாத்தானில் பதிவுக் கட்டணம் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். பிரச்சினை காசில் இல்லை, வெட்கத்தில் இருக்கிறது. அண்ணன் டாக்டரிடம் போய் "வயிறு சரியில்லை" என்கிறார், வயிற்று மாத்திரையோடு திரும்பி வருகிறார். ஆகவே கூடப் போகும் அண்ணி வாயைத் திறக்க வேண்டும். தினமும் என்ன குடிக்கிறார், எவ்வளவு, எத்தனை வருடம், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்ததா. இந்த ஐந்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டு போங்கள். சம்சு குடிப்பவர் என்றால் சம்சு என்றே சொல்லுங்கள், பீர் என்று மாற்றிச் சொல்லி மரியாதையைக் காப்பாற்ற வேண்டாம். அதைக் கேட்டுத்தான் டாக்டர் வீட்டில் வைத்துப் பார்க்கலாமா, மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா என்று முடிவு செய்வார். டயாஸெபாம் போன்ற மருந்தை முதலில் தேவையான அளவு கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயாமின் என்ற பி1 வைட்டமின். நீண்டகாலக் குடிகாரர்களின் உடம்பில் இது வற்றிப் போயிருக்கும். இது இல்லாமல் போனால் நடை தடுமாறி, ஞாபகமே திரும்பாமல் போகிற நோய் உண்டு.

வேலை போய்விடும் என்ற பயமும் நியாயமானதே. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் எம்.சி. கொடுத்தால் ஆண்டுக்குக் குறைந்தது 14 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால் 60 நாள் வரை உண்டு. 2023 முதல் இந்த இரண்டும் தனித்தனிக் கணக்கு. முதலாளி இதைச் சொல்ல மாட்டார், நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இந்தக் குடி நம் ரத்தத்திலேயே இருக்கிறது என்று பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பால்மரம் வெட்டிய நம் பாட்டன்களுக்குத் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்துக் கொடுத்தது யார்? காலையில் கொடுத்த கூலி மாலையில் கள்ளுக்கடை வழியாகத் திரும்பிப் போனது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. போருக்குப் பின் கடாவில் தொண்டர் படை அதே கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. கள்ளு போய் மலிவு சம்சு வந்தது. 2018இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மது குடித்துப் பலர் இறந்தார்கள். பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் பாட்டன்கள் இருந்த இடத்தில் இன்று அவர்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதைப் படிக்கும் சில குடும்பங்களுக்கு இதுவே மிக அவசரமானது.

தினமும் குடிக்கும் ஒருவரைக் காவல் துறையினர் பிடித்து லாக்கப்பில் வைக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். அந்த நிமிடமே அவருடைய குடி நின்று விடுகிறது. மேலே சொன்ன கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. முதல் இரவிலேயே நடுக்கம். மறுநாள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் கத்துகிறார், கம்பியை ஆட்டுகிறார். நடிக்கிறான் என்றோ, போதைப்பித்தன் என்றோ நினைத்து விட்டால் அவர் கதி என்ன? லாக்கப் மரணங்களுக்கு இதுதான் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. அடித்ததால் வந்த சாவுக்கு யாரும் இதைச் சாக்காகக் காட்டவும் விட மாட்டோம். ஆனால் தடுக்கக்கூடிய ஒரு சாவை, குடும்பம் ஒரு வார்த்தை சொல்லாததால் விட்டுவிடக் கூடாது.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 5ஆவது விதி. உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்பு கொள்ளும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவில் இருக்கிறது. லாக்கப்பில் வைக்கப்படுபவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று 1953ஆம் ஆண்டு லாக்கப் விதிகள் சொல்கின்றன. தகவல் கிடைத்ததும் காவல் நிலையத்துக்குப் போங்கள். "இவர் தினமும் குடிப்பவர், திடீரென்று நின்றால் வலிப்பு வரும், டாக்டரிடம் காட்ட வேண்டும்" என்று மலாயில் ஒரு தாளில் எழுதி, தேதியும் மணியும் போட்டு, விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். ஒரு பிரதியில் அவருடைய கையெழுத்தைக் கேளுங்கள். மறுத்தால் ஒரு போலீஸ் புகார் செய்து, அந்தப் புகாரின் பிரதியை வாங்கிக் கொள்ளுங்கள். மறுநாள் ரிமாண்டுக்குக் கொண்டு வரும்போது நீதிமன்றத்தில் காத்திருங்கள். வழக்கறிஞர் இருந்தால் அவர் மூலமாகவும், இல்லாவிட்டால் கைதானவரே வாய் திறந்தும், மாஜிஸ்திரேட்டிடம் இதைச் சொல்ல வேண்டும். அவர் கை நடுங்குவதை மாஜிஸ்திரேட்டே பார்க்கட்டும்.