யந்திரத்துக்கு மந்திரம் ஓதுவதா?

செயற்கை அறிவு யந்திரம் என்பது இப்பொழுது பட்டணத்துப் படிப்பாளிகளின் மேஜைமேல் மாத்திரம் இருக்கின்ற வஸ்துவல்ல. 2022-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் சாட்ஜிபிடி வெளிவந்தது. 2025-ஆம் வருஷத்துக்குள்ளாகவே ஏர்டெல் கம்பெனியார் ஒரு யந்திரத்தையும் ஜியோ கம்பெனியார் மற்றொரு யந்திரத்தையும் தங்கள் சந்தாதாரர்களுக்குக் குறிப்பிட்ட காலம்வரை இலவசம் என்று அள்ளி விட்டார்கள். ஆகவே சேலம் ரஸ்தாவில் தருமபுரிக்குத் தெற்கே இருக்கும் அதியமான்கோட்டையில், டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் வாலிபர் கையிலும் இன்றைக்கு அது இருக்கின்றது. (இலவசம் என்றால் அங்கே விலைபோகும் பண்டம் யார் என்பதைப் பற்றி வேறொரு சமயம் எழுதுவோம்.)

அவ்வூர்த் தோழர்கள் சிலர், தங்கள் பகுத்தறிவுப் பிரசாரத்துக்காக முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரு மாதத்திற்குப் போடவேண்டிய சங்கதிகளையும் சித்திரங்களையும் இந்த யந்திரத்தைக் கொண்டே தயாரித்து, வெளியிடுமுன் நம் பார்வைக்கு அனுப்பியிருந்தார்கள். அவற்றைப் பார்த்ததன்மேல் நமக்குத் தோன்றிய அபிப்பிராயம் மற்ற ஊர்த் தோழர்களுக்கும் பயன்படக்கூடும் என்று கருதி, அதை இங்குப் பகிரங்கமாகவே எழுதுகின்றோம்.

யந்திரத்தை உபயோகிக்கலாமா கூடாதா என்பது நமக்கு ஒரு கேள்வியே அல்ல. எழுத்துக் கோப்பதற்கும் தட்டெழுத்துக்கும் சவுகரியமாக இருக்கவேண்டும் என்பதற்காகத் தமிழ் எழுத்தையே மாற்றி 1935-இல் "குடிஅரசு" அச்சிட்ட இயக்கம் இது. அந்த மாற்றத்தை அரசாங்கம் ஒப்புக்கொண்டு உத்தரவு போடுவதற்கு 1978-ஆம் வருஷம் வரை ஆயிற்று. கம்பியில்லாத் தந்திக் கருவி ஒவ்வொருவர் பையிலும் இருக்கும், மனிதருக்கு மனிதர் உருவம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள் என்று பெரியார் "இனி வரும் உலகம்" என்ற பேரால் 1940-களிலேயே சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவர்களைப் பின்பற்றுகின்ற நாம் புது யந்திரத்தைக் கண்டு கண்ணை மூடிக்கொள்வது ஒருக்காலும் தகாது.

நிற்க, யந்திரத்தைக் கையாளுவது வேறு, யந்திரத்துக்குக் கும்பிடு போடுவது வேறு. இந்த யந்திரத்திடம் நமக்கு வேண்டியதை எழுதிக் கேட்பதற்குப் "பிராம்ப்ட்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பச்சைத் தமிழில் சொல்வதானால் எஜமானன் குமாஸ்தாவுக்குச் சொல்லுகின்ற கட்டளை. அவ்வளவுதான். ஆனால் இதைச் சுற்றி இப்பொழுது ஒரு புரோகிதக் கூட்டம் கிளம்பிவிட்டது. "இந்த நூறு பிராம்ப்டுகளை வாங்குங்கள், லட்சம் பேர் பார்ப்பார்கள்", "இந்த ஒரு வரியைச் சேருங்கள், உங்கள் ரீல்ஸ் நாடெங்கும் பரவும்" என்று காசுக்கு விற்கிறார்கள். ஒரு சொல் தப்பாமல் உச்சரித்தால் பலன் கிடைக்கும், பலன் கிடைக்காவிட்டால் உச்சரித்தவன்மேல்தான் குற்றம் என்று சொல்லுகின்ற வியாபாரத்தை நாம் இதற்குமுன் எங்கேயும் பார்த்ததில்லையா? அதியமான்கோட்டைத் தோழர்களும் அத்தகைய கட்டு ஒன்றை வாங்கித்தான் வேலையை ஆரம்பித்திருக்கிறார்கள். காலபைரவர் கோவிலில் தேய்பிறை அட்டமிதோறும் சாம்பல் பூசணிக்காயைப் பிளந்து விளக்கேற்றுகின்றவர்களைப் பார்த்துச் சிரிக்கின்ற நம் தோழர்கள், அர்த்தம் தெரியாத வாக்கியங்களைக் காசு கொடுத்து வாங்கி யந்திரத்தின் முன் ஓதுவது நமக்குச் சிறிது வேடிக்கையாகவே இருந்தது.

இந்த யந்திரம் எப்படிப் பேசுகின்றது என்பதைத் தெரிந்துகொண்டால் மந்திர மயக்கம் தானாகவே தெளியும். அது எதையும் அறிந்து சொல்வதில்லை. இணையத்திலும் புத்தகங்களிலும் உள்ள கணக்கற்ற பக்கங்களை முன்கூட்டியே விழுங்கி, இன்ன சொல்லுக்குப் பின் இன்ன சொல் வருவது வழக்கம் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கின்படி சொல்லுக்குப் பின் சொல்லாகக் கோத்துக் கொடுக்கின்றது. சித்திரம் வரைகின்ற யந்திரமும் இன்ன பெயருக்கு இன்ன உருவம் என்கின்ற வழக்கத்தைத்தான் பார்க்கின்றது. அதாவது அதற்குத் தெரிந்த ஒரே நியாயம் வழக்கம் என்பதாகும். "வழக்கமாக நடந்து வருகிறது" என்பதைத் தவிர வேறு ஆதாரம் காட்டமுடியாத சங்கதிகளை எதிர்ப்பதற்காகவே ஏற்பட்ட இயக்கம், வழக்கத்தையே மூளையாகக் கொண்ட ஒரு குமாஸ்தாவை வைத்துக்கொள்ளும்போது எவ்வளவு விழிப்பாக இருக்கவேண்டும் என்பதை நாம் எடுத்துச் சொல்லவும் வேண்டுமா?

நம்மிடம் வந்த அதியமான் படத்தையே எடுத்துக்கொள்வோம். "அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுக்கும் காட்சி" என்று கட்டளையிட்டிருக்கிறார்கள். யந்திரம் கொடுத்ததென்ன? வடநாட்டு ராஜா உடுப்பும், தலைநிறையப் பொன் கிரீடமும், நெற்றியில் நாமமும் உள்ள ஒரு மல்லன். அவனுக்கு எதிரே கூனிக் குறுகி, உடம்பெல்லாம் விபூதி பூசி, கோலூன்றிய ஒரு கிழவி. பின்னால் வானளாவிய கோபுரம். இவற்றில் ஒன்றுக்காவது சங்க நூல்களில் ஆதாரமுண்டா? புறநானூற்றில் காணப்படும் அவ்வை ஒரு விறலி. பாட்டுப் பாடிப் பிழைத்த பெண். அதியனோடு உட்கார்ந்து கள்ளருந்தியதை அவன் செத்தபிறகு நினைத்து நினைத்துப் பாடியவள். தொண்டைமானிடம் தூது போய் அவனுடைய ஆயுதசாலையைப் பார்த்தே அவனைக் கேலி செய்தவள். அந்தப் பெண் எங்கே, இந்த விபூதிக் கிழவி எங்கே? பிற்காலத்து அவ்வைமார்களின் கதையும், 1953-இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்து வந்த சினிமாவும் சேர்ந்து ஜனங்கள் மனதில் பதிய வைத்த உருவத்தைத்தான் யந்திரம் திருப்பிக் கொடுத்திருக்கின்றது. சுயமாகச் சம்பாதித்து, அரசனுக்குச் சமமாக உட்கார்ந்து பேசிய ஒரு பெண்ணைப் பக்திக் கிழவியாக ஆக்கிய காரியத்தை இத்தனை காலம் புராணக்காரர்கள் செய்தார்கள். இப்பொழுது பகுத்தறிவுப் பக்கத்தின் பேராலேயே அது நடக்கவிருந்தது!

அதே படத்தின் கீழ் "காலபைரவருக்குக் கோவில் எழுப்பிய வள்ளல் அதியமான்" என்று ஒரு வரியும் இருந்தது. இதை யந்திரம் தானாகவே சேர்த்ததாம். நெடுமான் அஞ்சி இருந்தது சுமார் 2000 வருஷத்துக்கு முன். அக்கோவிலைப் பிரசித்தம் செய்கின்றவர்களே அதன் வயது சுமார் 1200 வருஷம் என்கிறார்கள். செத்து எட்டு நூற்றாண்டு ஆனவன் கோவில் கட்டினான் என்றால் அது பைரவர் மகிமையைக் காட்டிலும் பெரிய மகிமையாகவல்லவா இருக்கும்! அதியர் மரபில் வந்தவர்கள் சோழர் காலத்திலும் தகடூரை ஆண்டார்கள் என்பது வேறு விஷயம். அஞ்சியின் பெயர் கல்லில் கிடைத்திருப்பது திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில். 1981-இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தத் தமிழிக் கல்வெட்டு, அவன் துறவிகளுக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்ததைச் சொல்லுகின்றது. அசோகனுடைய சாசனங்களில் சோழ பாண்டியரோடு சேர்த்துச் சொல்லப்படும் சத்தியபுத்திரர் யார் என்று நெடுங்காலம் நடந்து வந்த தர்க்கமும் அந்தக் கல்லினால்தான் தீர்ந்தது. பொய்ப் படத்தைக் காட்டிலும் இந்தச் சங்கதி எவ்வளவு சுவையுள்ளது! தோழர்கள் ஜம்பைக்கு ஒரு நாள் போய் அந்தக் கல்லைப் போட்டோ எடுத்துப் போடலாமே?

அடுத்தபடியாக, மாதத் திட்டம். "தருமபுரி ஜில்லா ஜனங்களுக்கு முப்பது நாள் திட்டம் கொடு" என்று கேட்டதற்கு யந்திரம் ஒரு பஞ்சாங்கத்தைக் கொடுத்திருக்கின்றது. அமாவாசை, அட்டமி, கிருத்திகை, ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல், இடையிடையே காலை வணக்கம். நமது தோழர்கள் அதைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு அட்டமியை எடுத்துவிட்டுத் தலைவர்களின் பிறந்த நாளையும் இறந்த நாளையும் போட்டிருக்கிறார்கள். இது நம்மவர் பஞ்சாங்கம்! மாலை போட்ட படங்களை முப்பது நாளும் பார்த்த ஜனங்களுக்கு ஏற்படும் புது எண்ணம் என்ன?

இந்த ஜில்லாவுக்கென்று பேசவேண்டிய சங்கதி இல்லையா? 2012-ஆம் வருஷம் நவம்பர் 7-ஆம் தேதி ஒரு கலப்பு மணத்தின் காரணமாக நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய காலனிகளில் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டது எந்த ஜில்லாவில்? பெண் குழந்தைகளைக் கொல்லுவதைத் தடுக்க 1992-இல் சேலத்தில் ஏற்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பிறகு விஸ்தரிக்க வேண்டியிருந்தது எந்த ஜில்லாவுக்கு? யந்திரத்தின் திட்டத்தில் இவை ஒன்றுமில்லை. ஏன் இல்லையென்றால், கேட்டவர்கள் கேட்கவில்லை. ஜாதியென்ற சொல்லைக் கட்டளையில் எழுதாதவர்களுக்கு ஜாதியைப் பற்றி அது ஏன் எழுதப் போகின்றது?

இனி, எல்லாவற்றிலும் நம்மை வருத்தியது ஒன்றுண்டு. பெரியார் சொன்னதாக நான்கு பொன்மொழிகள் அந்தக் கட்டில் இருந்தன. நான்கும் கேட்பதற்கு நன்றாகவே இருந்தன. ஆனால் எந்தத் தேதியில், எந்தப் பத்திரிகையில், எந்த ஊர்ப் பேச்சில் சொன்னார் என்பதற்கு ஒன்றுக்கும் ஆதாரமில்லை. யந்திரத்தைக் கேட்டால் அது தேதியையும் உடனே புதிதாகச் செய்து கொடுக்கின்றது! யார் சொன்னாலும் உன் புத்திகொண்டு யோசி என்று வாழ்நாளெல்லாம் சொன்னவரை, சொல்லாததைச் சொன்னதாக ஆக்குவது எந்தப் பகுத்தறிவில் சேர்ந்தது? எதிரிகள் நாளைக்கு அவற்றில் ஒன்றைப் பொய்யென்று ருசுப்பித்தால், மெய்யாகவே அவர் எழுதிய மற்றதும் அல்லவா சந்தேகத்துக்கு உள்ளாகும்?

நமது மாகாணத்தில் இந்த வழக்கம் மேலிருந்தே ஆரம்பித்திருக்கின்றது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம். 2018-இல் மறைந்த கலைஞர், 2024 ஜனவரியில் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் யந்திரத்தின் உதவியால் திரையில் தோன்றி வாழ்த்துப் பேசினார். மறுமாதமே ஜெயலலிதா அம்மையாரின் பிறந்த நாளில், 2016-இல் மறைந்த அவருடைய குரலில் அவர் கட்சியார் ஒரு பேச்சை வெளியிட்டார்கள். இது யந்திரம் செய்ததுதான் என்று எல்லோருக்கும் தெரியும் என்பார்கள். தெரியட்டும். செத்தவர் இன்றைக்கு இன்னாரைப் பாராட்டுகிறார், இன்னாரை ஆதரிக்கச் சொல்லுகிறார் என்பதற்கும், ஆவி வந்து குறி சொல்லுகின்றது என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று நாம் கேட்கின்றோம். பெரியாரை இப்படிப் பேசவைத்து ஒரு படம் தயாரிக்கலாமா என்று தோழர்கள் கேட்டிருந்தார்கள். கூடவே கூடாது.

அப்படியானால் யந்திரத்தை எதற்குத்தான் உபயோகிப்பது? சங்கதியை நாம் கொடுக்கவேண்டும். அடுக்குகின்ற வேலையை அது செய்யவேண்டும். உதாரணமாக, இந்த ஜில்லாவில் இன்னும் ஒழியாத குழந்தை மணத்தைப் பற்றி ஏழு நாளைக்கு எழுதவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். "குழந்தை மணம் பற்றி எழுது" என்று மொட்டையாகச் சொன்னால் மொட்டையாகவே வரும். அதற்குப் பதிலாக, 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் பெண்களின் கலியாண வயது 16-க்கு மேலிருக்க வேண்டும் என்று தீர்மானித்ததையும், அதே வருஷம் நிறைவேறிய சாரதா சட்டம் 14 என்று வைத்ததையும், இன்றைக்கு 2006-ஆம் வருஷச் சட்டப்படி 18 என்பதையும், தகவல் கொடுக்க வேண்டிய டெலிபோன் எண் 1098 என்பதையும் நாமே எழுதிக் கொடுத்து, "இவற்றைத் தவிர வேறொரு சங்கதியும் சேர்க்காதே; படிக்கிறவர் பத்தாவது படிக்கும் பெண்ணின் தாயார்; நாளொன்றுக்கு அய்ந்து வரிக்கு மேற்படாதே; எங்களூர்ப் பேச்சில் எழுது; தெய்வம், விதி, நல்ல நேரம் என்ற சொற்கள் கூடாது" என்று கட்டளையிடட்டும். வந்ததைப் பார்த்து, "இதை ஒப்புக்கொள்ளாத ஒரு தகப்பனார் என்னென்ன ஆட்சேபணை சொல்லுவார்?" என்று மறுபடியும் கேட்கட்டும். இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் யந்திரம் மெத்த உபயோகப்படுகின்றது என்பது நமது அனுபவம். வரதட்சணை ஏறிவிடும், ஊர் பேசும், பெண் ஓடிப்போய்விடுவாள் என்று அது வரிசையாகச் சொல்லும். வழக்கத்தை அது நன்றாக அறியுமல்லவா? பதில் எழுதவேண்டியது நாம்.

படத்துக்குள் தமிழ் எழுத்தை யந்திரத்தை வரையச் சொல்லுவதை மாத்திரம் விட்டுவிடலாம். கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கின்றன. எழுத்தைப் பிறகு நாமே சேர்த்துக்கொள்வது சுலபம்.

கடைசியாக, தோழர்கள் கவனிக்க மறந்த விஷயம் ஒன்று. 1098 என்ற எண் எந்தப் பெண்ணுக்கு அவசியமாக வேண்டுமோ, பெரும்பாலும் அந்தப் பெண் கையில் போன் இராது. போன் அண்ணன் கையிலோ தகப்பன் கையிலோ இருக்கும். ஆகவே யந்திரம் அடுக்கிக் கொடுத்த அந்த அய்ந்து வரியைக் கரும்பலகையில் எழுதி, அதியமான்கோட்டை பஸ் நிற்கும் இடத்திலும் பெண்கள் பள்ளிக்கூடம் போகும் வழியிலும் ரேஷன் கடை வாசலிலும் வைக்கவேண்டும். பலகைக்கு இடம் கேட்டுப் பஞ்சாயத்தாருக்கு எழுதவேண்டிய விண்ணப்பத்தை வேண்டுமானால் யந்திரத்தைக் கொண்டே எழுதிக்கொள்ளட்டும்.