மூன்று சகோதரிகள், மூன்று வரிசைகள்



கடந்த மாதம் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில் எமது மகளிர் குழுக் கூட்டம் நடைபெற்றது. "வீட்டிலுள்ள பத்திரங்களையெல்லாம் கொண்டு வாருங்கள், எது இருக்கிறது, எது இல்லை என்று பார்ப்போம்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் பொலித்தீன் பைகளிலிருந்து பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகப் பதிவு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா மட்டும் மடித்து மடித்து நைந்துபோன அட்டை ஒன்றை நீட்டினார்.

"மிஸ், இந்தக் கொரோனா ஊசி அட்டையையும் கொப்பி எடுக்கணுமா? அதெல்லாந்தான் முடிஞ்சு போச்சே" என்று கேட்டார்.

கொரோனா அவசர நிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் திகதி அறிவித்தது. அதனால் அக்கா கேட்டதில் பிழையில்லை. ஆனால் அந்த அட்டை தன் கைக்கு வந்த கதையையும், தன் தங்கைகள் இருவருக்கும் ஊசி கிடைத்த கதையையும் அவர் சொல்லி முடித்தபோது, இந்த மாதம் இதைத்தான் எழுத வேண்டும் என்று தீர்மானித்தேன்.

அவர்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவர். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் தாயும் தகப்பனும் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போனார்கள். மூத்தவர் அம்மாயியுடன் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். தங்கைகள் இருவரும் வவுனியாவில் வளர்ந்தார்கள். 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது தகப்பன் ஷெல் வீச்சில் இறந்தார். தாய் கடைசி மகளைக் கூட்டிக்கொண்டு மன்னாரிலிருந்து படகில் இராமேஸ்வரம் போனார். நடுப்பிள்ளை அக்காவைத் தேடித் தோட்டத்துக்கே திரும்பி வந்தார். பின்னர் 2012இல் லெபனானுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்றார். இப்படியாக, 2021இல் உலகமே தடுப்பூசிக்காகக் காத்து நின்றபோது இந்த மூவரும் மூன்று இடங்களில் மூன்று வரிசைகளில் நின்றார்கள்.

முதலாவது வரிசை கொழும்பில். அப்போது அக்கா அங்கே ஒரு வீட்டில் தங்கி வேலை செய்துகொண்டிருந்தார். இந்தியா அன்பளிப்புச் செய்த 5 இலட்சம் ஊசிகளுடன் 2021 ஜனவரி 29ஆம் திகதி இலங்கையில் தடுப்பூசி ஏற்றும் பணி ஆரம்பமானது. அடுத்த மாதம் மேல் மாகாணத்தில் பொதுமக்களுக்கும் போடத் தொடங்கினார்கள். வீட்டு ஐயாவும் நோனாவும் போட்டுக்கொண்டு வந்தார்கள். அக்காவும் போனார். "உங்கள் பெயர் இந்தப் பிரிவில் பதிவில் இல்லை, உங்கள் ஊரில் போட்டுக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரிலோ அப்போது ஊசி வந்து சேரவில்லை. பிறகு வந்தபோது பயணத் தடை. மாகாணம் விட்டு மாகாணம் போக முடிந்த பின்னர், ஓகஸ்ட் மாதத்தில் தோட்டத்துக்கு வந்துதான் அவர் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார். ஆறு மாதங்களாக அந்த வீட்டின் நோயாளித் தட்டைக் கழுவியவரும், சந்தைக்குப் போய் வந்தவரும் அவர்தான்.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 மார்ச் 31ஆம் திகதி சீனாவிலிருந்து 6 இலட்சம் சைனோபாம் ஊசிகள் வந்தன. ஏப்ரல் மாதத்தில் அவை முதலில் இலங்கையில் தங்கியிருந்த சீனப் பிரஜைகளுக்கே போடப்பட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் கிடைத்த பின்னர், மே மாதத்தில்தான் இலங்கையருக்குப் போடத் தொடங்கினார்கள். அந்தத் தொழிலாளர்கள் மீது எனக்குப் பொறாமை இல்லை. அந்நிய நாட்டில் வேலை செய்யும் தன் மக்களை ஒரு நாடு நினைத்துப் பார்த்தது நல்ல விடயம்தான். ஆனால் வெளிநாட்டில் இருந்த எமது பெண்களுக்கு என்ன நடந்தது?

இரண்டாவது வரிசை பெய்ரூட்டில். லெபனானில் பணம் மதிப்பிழந்து, 2020 ஓகஸ்ட் 4ஆம் திகதி துறைமுக வெடிப்பும் நடந்த பின்னர், பல வீட்டுக்காரர்கள் பணிப்பெண்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் வெளியே அனுப்பிவிட்டார்கள். தங்கையும் அப்படித்தான் தெருவுக்கு வந்தார். கடவுச்சீட்டு எஜமானியிடமே இருந்துவிட்டது. நான்கு இலங்கைப் பெண்கள் சேர்ந்து ஓர் அறையில் தங்கி, மணித்தியாலக் கணக்கில் வீடு துடைத்துச் சாப்பிட்டார்கள்.

அந்நாட்டில் 2021 பெப்ரவரி 14ஆம் திகதி ஊசி போடத் தொடங்கினார்கள். வெளிநாட்டவருக்கும் உண்டு என்றுதான் அறிவித்தார்கள். ஆனால் இணையத்தில் பதிய வேண்டும், பதிவதற்கு இலக்கம் வேண்டும். வீசா முடிந்தவர்களுக்குப் பொலிஸ் பயம் வேறு. அப்போது லெபனானில் வாழ்ந்தவர்களில் குறைந்தது 30 சதவீதமானோர் வெளிநாட்டவர். ஆனால் 2021 ஏப்ரல் தொடக்கத்தில் ஊசி போட்டவர்களில் வெளிநாட்டவர் 3 சதவீதம்கூட இல்லை என மனித உரிமைகள் கண்காணிப்பகம் சுட்டிக்காட்டியது.

தங்கைக்குத் தன் கடவுச்சீட்டு இலக்கம் நினைவில் இல்லை. அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து அழுதிருக்கிறார். அக்கா கொழும்பிலிருந்து தோட்டத்திலிருந்த மகளுக்குச் சொல்ல, அவள் லயத்து அறையிலிருந்த ட்ரங்குப் பெட்டியைக் கிளறினாள். அடியில் கிடந்த பழைய சேலைக்குள் கடவுச்சீட்டின் போட்டோ கொப்பி ஒன்று இருந்தது. தங்கை புறப்படும்போது ஏதோ நினைவில் விட்டுப் போனது. அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பினாள். அந்த இலக்கத்தை வைத்துப் பதிந்து, 2021 செப்டெம்பரில் தங்கைக்கு முதல் ஊசி கிடைத்தது.

அதே அறையில் இருந்த குருநாகல் பக்கத்துச் சிங்களச் சகோதரி ஒருவருக்கு அப்படி அனுப்ப வீட்டில் எவருமில்லை. இலக்கமும் இல்லை. அவர் பதியவே இல்லை. அந்த வருட இறுதியில் காய்ச்சல் கண்டு, மூச்சுத் திணறி இறந்துபோனார். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வரிசையில் நிற்கும் வாய்ப்புக்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. "அவ கையாலதான் மிஸ் என் தங்கச்சி ஒரு வருசம் சோறு தின்னுச்சி" என்று சொல்லும்போது அக்காவின் குரல் அடைத்துவிட்டது. மடுவத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மூன்றாவது வரிசை தமிழ்நாட்டில், மண்டபம் முகாமில். முப்பது வருடங்களுக்கு மேலாக அங்கே வாழ்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் கடைசித் தங்கை வெளிநாட்டவர்தான். இந்தியாவில் ஊசிக்குப் பதிவதற்கு ஆதார் போன்ற அட்டைகளில் ஒன்று வேண்டும் என்றிருந்தது. அட்டை எதுவும் இல்லாதவர்களுக்கும் போடுவதற்கான வழிமுறையை 2021 மே மாதத்தில் இந்திய அரசு வெளியிட்டது. அங்கு தங்கியிருக்கும் வெளிநாட்டவர் கடவுச்சீட்டைக் காட்டிப் பதியலாம் என ஓகஸ்ட் 9ஆம் திகதி அறிவித்தது. முகாமிலிருக்கும் எங்கள் தங்கையிடம் கடவுச்சீட்டு ஏது? ஆனால் முகாம் பதிவேட்டில் அவருடைய பெயர் இருந்தது. சுகாதாரப் பணியாளர்கள் அங்கேயே வந்து, பெயரை வாசித்து ஊசி போட்டார்கள். மூவரிலும் அலைச்சல் குறைந்தது அவருக்குத்தான்.

மண்டபம் என்றதும் கூட்டத்திலிருந்த வயதான பாட்டியொருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கம்மாவுக்கும் அங்கதான் ஊசி குத்துனாங்களாம்" என்றார். அது உண்மையான வரலாறு. இன்று அகதிகள் வாழும் அந்த முகாம், ஒரு காலத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய தனிமைப்படுத்தல் முகாம். தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொண்டுவந்தபோது, எமது மூதாதையரை அங்கே சில நாட்கள் மறித்து வைத்து, அம்மை குத்தி, நோயில்லை என்று கண்ட பின்னரே தலைமன்னாருக்குக் கப்பலேற்றினார்கள். அக்காவின் அம்மாயியும் சிறுமியாக அந்த வழியேதான் வந்தவர்.

அப்போது எவரும் வரிசையில் நின்று கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. கேட்காமலே குத்தினார்கள். ஏனென்றால் தோட்டத்துக்கு நோயில்லாத கைகள் தேவைப்பட்டன. அதே மக்களின் பிரஜாவுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் மறுத்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று தலைகளை எண்ணிப் பிரித்தது. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்தான். ஊசி உடனே கிடைத்தது. உரிமைக்கு 55 வருடங்கள் சென்றன.

இதில் நாம் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. நோய்க்கு உள்ளூரார், வெளியூரார் என்ற பேதம் கிடையாது. ஓர் இடத்தில் மூச்சு விடுபவர் எல்லோரும் அந்த இடத்தவரே. ஆகவே மருந்தும் அப்படித்தான் பகிரப்பட வேண்டும். இது நடக்க முடியாத காரியமல்ல. யோர்தான் நாட்டில் 2021 ஜனவரியிலேயே அகதிகளுக்கும் ஊசி போட்டார்கள். தன் மண்ணில் இருக்கும் எவருக்கும் இலவசம் என்பதே அந்நாடு வகுத்த விதி. லெபனானுக்கும் யோர்தானுக்கும் தூரம் அதிகமில்லை. வேறுபாடு விதியிலும் மனதிலும்தான்.

விதிகளை மாற்றக் காலம் எடுக்கும். அதற்காகப் பேச வேண்டும், தொழிற்சங்கங்களையும் எமது பிரதிநிதிகளையும் பேச வைக்க வேண்டும். அதுவரை எம் கையால் செய்யக்கூடியவை சில உண்டு. அன்று கூட்டத்தில் நாங்கள் முடிவு செய்தவற்றை இங்கே தருகிறேன்.

வெளிநாடு போகும் எந்தப் பெண்ணும் கடவுச்சீட்டு, வீசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் இரண்டு பிரதிகளை வீட்டில் விட்டுச் செல்ல வேண்டும். ஒன்று வீட்டுப் பெட்டியில், மற்றது நம்பிக்கையான இன்னொருவரிடம். கடவுச்சீட்டு இலக்கத்தையும் இலங்கைத் தூதரகத்தின் தொலைபேசி இலக்கத்தையும் மனப்பாடமாக வைத்திருங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகாதீர்கள்.

ஊசி அட்டையை எறிய வேண்டாம். 2021இல் குவைத், சவூதி போன்ற நாடுகள் சைனோபாம் போட்டவர்களிடம் வேறொரு ஊசியும் கேட்டன. எந்த ஊசி, எந்தத் திகதி என்று காட்ட முடியாதவர்கள் அலைந்தார்கள். அந்த விதிகள் பின்னர் நீக்கப்பட்டுவிட்டன. ஆனால் நாளை இன்னொரு நோய் வரலாம். பிள்ளைகளின் சுகாதாரப் பதிவேட்டையும் இதே கவனத்துடன் பாதுகாத்து வையுங்கள்.

கொழும்பிலோ வேறு ஊரிலோ தங்கி வேலை செய்பவர்கள், அங்குள்ள கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடத்தைப் பதிவு செய்யக் கேளுங்கள். வீட்டுக்காரர் தயங்கினால் எம்மைப் போன்ற அமைப்புகளின் உதவியை நாடுங்கள். தோட்டத்துப் பதிவில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்றிருந்தால் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். ஆபத்து வந்த பின் அதற்கு நேரம் கிடைக்காது.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து, பத்திரங்களைப் பதுங்கு குழியிலும் பாதையிலும் தொலைத்த சகோதரிகள் பலர் இதை வாசிப்பீர்கள். வீடு, உறவு எல்லாவற்றையும் இழந்த பின் ஒரு காகிதத்துக்கு என்ன பெறுமதி என்று தோன்றலாம். மீண்டும் பெறுவதற்கு வழி உண்டு. பிரதேச செயலகத்தில் கேளுங்கள். ஒரு தடவையில் முடியாவிட்டால் மறு தடவை இருவராகப் போங்கள்.

கூட்டம் முடிந்து புறப்படும்போது அக்கா தன் ஊசி அட்டையின் கொப்பியைக் கவனமாக மடித்தார். பெய்ரூட்டிலிருக்கும் தங்கையின் கடவுச்சீட்டுப் பிரதியையும் புதிதாக ஒன்று எடுத்திருந்தார். "பழசு மங்கிப்போச்சு மிஸ்" என்றார்.

இன்றிரவே உங்கள் பெட்டியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள் சகோதரிகளே. அடுத்த இதழில் சந்திப்போம்.