விதை யாருக்குச் சொந்தம்?



2019 ஏப்ரலில் குஜராத்தின் உருளைக்கிழங்கு விவசாயிகள் நால்வர் மீது பெப்சிகோ நிறுவனம் தலா ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர்ந்தது நினைவிருக்கலாம். சிப்ஸுக்காகத் தான் பதிவு செய்த ரகத்தை அனுமதியின்றிப் பயிரிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. எதிர்ப்பு வலுக்கவே மே மாதம் வழக்கைத் திரும்பப் பெற்றது. 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவு ரத்தானது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கிவிட்டது.

இந்த இழுபறியில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள், விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், பரிமாறலாம், விற்கலாம் என்கிறது. வணிகப் பெயரிட்டு விற்பதற்குத்தான் தடை. பதிவு பெற்ற ரகத்துக்கே இப்படியென்றால், பாட்டி வைத்த பீர்க்கங்கொடிக்குக் கேட்கவா வேண்டும்!

ஆனால் உரிமை ஏட்டில் இருக்கிறது, விதை வீட்டில் இல்லை. முன்பெல்லாம் முற்றிய பீர்க்கும் சுரையும் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும், பூச்சி அண்டாது. அவரை விதை சாம்பலில் புரட்டிப் பானையில் கிடக்கும். ஆடி பிறந்தால் இங்கிருந்து அவரை போகும், அங்கிருந்து வெண்டை வரும். இன்று பொட்டலம் வாங்குகிறோம். அது வீரிய ஒட்டு ரகமானால், அதன் காயில் எடுத்த விதை தாய்ச்செடியைப் போல விளையாது. அடுத்த ஆண்டும் கடைக்கே போகவேண்டும். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, சேமிப்பதை விட்டது நாம்தான்.

திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் செய்தது வேறு. நெல் திருவிழாவில் விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார். மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். வங்கி வட்டியைவிடக் கூடுதல்தான், ஆனால் யாரும் கடனாளியாகவில்லை! 170க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டுவிட்டு 2018 டிசம்பரில் அவர் மறைந்தார்.

தோட்டத்து விதைக்கும் இது பொருந்தும். கொஞ்சம் விவரம் மட்டும் தேவை. அவரையும் தக்காளியும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை. துணிந்து விதை எடுக்கலாம். பூசணிக்குத் தேனீ வேண்டும்; அடுத்த வீட்டில் வேறு பூசணி இருந்தால் விதை கலந்துவிடும். ஆகவே ஒரு தெருவே ஒரே ரகத்தை வைப்பது நல்லது.

அன்பியக் கூட்டங்களில் எல்லா வீட்டாரும் கூடுகிறார்கள். ஆனி மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு பிடி விதையைத் தாளில் மடித்து, ரகத்தின் பெயரும் எடுத்த மாதமும் எழுதிக் கொண்டுவாருங்கள்.