நாம் நீட்டினால் மட்டும் பேசட்டும் நமது அடையாள அட்டை



டிஜிட்டல் அடையாள அட்டை என்றதும் ஊரில் பலர் சொல்வது இதுதான்: "ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்?" இந்தக் கேள்வியே பிழை என்கிறோம்.

இன்று அட்டையை யாருக்குக் காட்டுகிறோம் என்பது நமக்குத் தெரியும். கேட்பவர் முன்னால் நிற்கிறார், நாம் எடுத்து நீட்டுகிறோம். ரேடியோ சிப் வைத்த அட்டை அப்படியல்ல. அதற்கு பற்றரி வேண்டாம். வாசிக்கும் கருவியின் அலை பட்டாலே பதில் சொல்லும். பைக்குள் கிடந்தாலும் சொல்லும், உரியவருக்குத் தெரியாமலே.

இது கற்பனையல்ல. அமெரிக்கா தன் மக்களுக்கு வழங்கிய கடவுச்சீட்டு அட்டைகளை, 2009இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் சான்பிரான்சிஸ்கோ வீதியில் காரில் போய்க்கொண்டே வாசித்துக் காட்டினார். கருவிக்கான செலவு சுமார் 250 டொலர். "அதில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும்தானே" என்பார்கள். மாறாத இலக்கம் யாருடையது என்று ஒருமுறை தெரிந்தால் போதும். கூட்டத்துக்கு யார் வந்தார், பள்ளிவாசலுக்கு எத்தனை மணிக்கு வந்தார், எந்த வைத்தியரிடம் போனார், எல்லாம் தெரிந்துவிடும்.

இந்த நாட்டில் இதை லேசாக எடுக்க முடியுமா? 1983 ஜூலையில் தமிழர் வீடுகளைத் தேடிப் போனவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வாக்களிக்கவென்று தயாரித்த வெறும் கடதாசிப் பட்டியல். தயாரித்தவரின் நோக்கம் நல்லதாக இருக்கலாம். அது நாளை யார் கைக்குப் போகும் என்பது அவர் பொறுப்பில் இல்லை.

நாம் தொழில்நுட்பத்துக்கு எதிரிகள் அல்ல. கேட்டால் திருத்தலாம் என்பதற்கு அதே அமெரிக்காவே சாட்சி. 2005இல் சிப் கடவுச்சீட்டுத் திட்டத்துக்கு 2,300க்கு மேற்பட்ட கருத்துகள் போயின, பெரும்பாலும் எதிர்ப்பு. அதன் பிறகே உறைக்குள் அலையைத் தடுக்கும் உலோகமும், உள்பக்கத்தைத் திறந்து காட்டினால் மட்டும் சிப் பேசும் பூட்டும் வந்தன.

எனவே நாம் கேட்பது மூன்று. சிப் வைப்பதானால், கருவியில் செருகினால் மட்டும் வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும். நமது தரவை யார், எப்போது பார்த்தார் என்பதை நாம் அறிய வழி வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை முழுமையாக நடைமுறைப்படுத்திய பின்பே நமது விரலடையாளத்தையும் கருவிழியையும் எடுக்கட்டும். கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது.

வாசலில் நின்று ஸலாம் சொல்லி, அனுமதி கிடைத்த பின்பே அடுத்தவர் வீட்டுக்குள் கால்வைக்கப் பழகியவர்கள் நாம். நமது சட்டைப்பைக்கும் அந்த மரியாதை வேண்டும். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.