மழைக்குள் முடியும் நிதியாண்டு

மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளத்தை நம்பிப் பெரும்போகம் செய்பவருக்குப் புரட்டாசி, ஐப்பசியில் கணக்குத் தொடங்கும். மாசி, பங்குனியில் நெல்லை வெட்டி, விற்று, கடனை அடைத்த பிறகே லாப நட்டம் தெரியும். இலங்கை அரசாங்கத்தின் நிதியாண்டோ ஜனவரி 1 முதல் டிசெம்பர் 31 வரை. வருமான வரிக்கான மதிப்பீட்டாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. நிதியாண்டு என்பது வரவையும் செலவையும் அடைக்கப் போட்ட 12 மாத வேலிதான். அதை நகர்த்தவும் முடியும். இலங்கையில் 1970களின் தொடக்கம் வரை அது ஒக்டோபரில் தொடங்கி செப்டெம்பரில் முடிந்தது. அமெரிக்காவும் 1976இல் தன் நிதியாண்டின் தொடக்கத்தை ஜூலையிலிருந்து ஒக்டோபருக்கு மாற்றியது.

மட்டக்களப்பில் வடகீழ்ப் பருவமழை கொட்டும் நேரத்தில்தான் இன்று அரசின் கணக்கு மூடப்படுகிறது. செலவாகாத ஒதுக்கீடு ஆண்டோடு காலாவதியாகும் என்றால், வாய்க்கால் திருத்த வேலையை மழைக்குள் அவசரமாக முடிக்கத்தான் அதிகாரிகள் பார்ப்பார்கள். அதற்காக நாட்டின் நிதியாண்டையே மாற்றத் தேவையில்லை. நீர்ப்பாசன வேலைகளுக்கான பணத்தைத் திறைசேரி ஆண்டின் முற்பகுதியிலேயே விடுவிக்கட்டும். சிறுபோக வெட்டுக்கும் பெரும்போக விதைப்புக்கும் இடைப்பட்ட காய்ந்த நாட்களில் வேலை முடியட்டும்.