வீமனின் கழுத்துப்பட்டி

கடந்த வருடம் ஆவணி மாதத்தில் அம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. படலையைத் திறந்து நாயுடன் வீதிக்கு இறங்கிய அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு பூனை ஓடியது. 38 கிலோ நிறையுள்ள எங்கள் வீமன் பூனையின் பின்னால் போனான். சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்த அம்மா வீமனின் பின்னால் போனார். அயல்வீட்டு மாமி ஓடிவந்து தூக்கிவிட்டபடி கேட்டது எங்கள் ஒழுங்கையில் இன்றும் பகிடியாக உலவுகிறது.

"என்னக்கா, நாயை நீங்கள் கூட்டிக்கொண்டு போறியளோ, நாய் உங்களைக் கூட்டிக்கொண்டு போகுதோ?"

ஆறு வாரம் பிளாஸ்டருடன் இருந்த அம்மாவுக்கு அது பகிடியாகப் படவில்லை.

பெண்கள் சஞ்சிகையில் நாய்க்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். பணி நிமித்தம் நான் போய்வரும் வீடுகளில் அனேகமானவை பெண்களைத் தலைமையாகக் கொண்டவை. 2009இல் யுத்தம் முடிந்தபின் மீளக் குடியேறிய குடும்பங்கள் அவற்றுள் பல. கதவுக்குச் சரியான பூட்டுக்கூட இல்லாத வீட்டில், இரவில் வாசலில் ஒரு பெரிய நாய் படுத்திருப்பது எவ்வளவு தைரியம் என்பது அங்கே பிள்ளைகளுடன் படுத்தெழும்பும் பெண்ணுக்குத்தான் தெரியும். எங்கள் வீடும் அப்படியானதே. அம்மா, சின்னம்மா, நான், அல்சேஷன் கலப்பான வீமன். காவலுக்கு வளர்த்த நாயைப் பிடிக்க வீட்டில் ஒருவராலும் முடியாவிட்டால் பிறகு அது வாழ்நாள் முழுவதும் கட்டிலேயே கிடக்கும்.

அம்மா விழுந்த மறுநாளே ஒன்றுவிட்ட அண்ணா பட்டணத்துக் கடையொன்றில் சுருக்குச் சங்கிலி ஒன்று வாங்கிவந்தார். இரு முனைகளிலும் வளையமுள்ள இரும்புச் சங்கிலி அது. ஒரு வளையத்தினூடாகச் சங்கிலியை நுழைத்தால் சுருக்காகும். "உதைப் போட்டால் ஆட்டுக்குட்டி மாதிரி வருமாம்" என்றார். நான் போட்டேன். வீமன் முன்போலவே இழுத்தான். இப்போது இருமிக்கொண்டும் இழுத்தான். மூன்று மாதம் இப்படியே போனது. பழக்கம் வரட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அந்த இருமலை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விசர்நாய்த் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது மிருக வைத்தியர் அவனது கழுத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதைத் தலைகீழாய்ப் போட்டிருக்கிறீர்" என்றார். பிறகு அவர் விளக்கியதுதான் எனக்கு முதல் பாடம். நாயை இடப்பக்கத்தில் நடத்துபவர், நாயின் முகத்துக்கு நேரே நின்று சுருக்கைப் பிடித்தால் அது ஆங்கில 'பி' எழுத்தைப்போல் தெரிய வேண்டும். 9 என்ற இலக்கம்போல் தெரிந்தால் பிழை. சரியாகப் போட்டால் இழுக்கும் பகுதி பிடரியின் மேலாக வரும். கையைத் தளர்த்தியதும் வளையம் தன் பாரத்தாலேயே கீழிறங்கிச் சுருக்கு இளகும். பிழையாகப் போட்டால் இறுகியது இறுகியபடியே நிற்கும். நாயை வலப்பக்கத்தில் நடத்துபவருக்கு இது எதிர்மாறு.

"இறுக்குறதிலை நாய் ஒண்டும் படிக்காது. இளகுறதிலைதான் படிக்கும். சொன்னபடி நடந்தவுடனை கழுத்து இளகவேணும்" என்றார் அவர். நான் மூன்று மாதமாக அவனுக்கு இளகல் என்ற ஒன்றையே காட்டவில்லை. என்ன செய்தாலும் இறுக்கம் மாறாதென்றால் அவன் ஏன் இழுப்பதை நிறுத்துவான்? பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் தண்டனையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். இது எனக்குத் தோன்றவேயில்லை.

அன்றே அதைக் கழற்றியிருக்க வேண்டும். சரியாகப் போடப் பழகிவிட்டோமே என்று வைத்துக்கொண்டோம். ஒரு பின்னேரம் சின்னம்மா அந்தச் சங்கிலியுடனேயே அவனைத் தேசிமரத்தில் கட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போயிருக்கிறார். அவன் பக்கத்து மதிலால் பாய்ந்து மறுபக்கம் தொங்கிவிட்டான். பக்கத்து வீட்டுப் பையன் கத்தியிராவிட்டால் இந்தப் பத்தியை நான் எழுதியிருக்க மாட்டேன். சுருக்குச் சங்கிலி போட்ட நாயைக் கட்டிவைப்பதோ தனியே விடுவதோ கூடவே கூடாது. எங்களுக்கு விற்ற கடையில் இதை ஒருவரும் சொல்லவில்லை.

பெரிய நாய்க்கு வேறு எதைப் போடுவது? அன்றாடம் கழுத்தில் கிடக்க ஒரு சாதாரண தட்டைப் பட்டி போதும். அகலம் ஒரு அங்குலத்துக்குக் குறையாமலும், பிளாஸ்டிக் கொளுவிக்குப் பதிலாக இரும்பு பக்கிள் உள்ளதாகவும் பாருங்கள். பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். மாரி காலத்தில் தோல் பட்டி ஊறி நாறும், அதன் கீழே உண்ணியும் புண்ணும் ஒளிந்திருக்கும். எனக்கு நைலோன்தான் விருப்பம்.

தலை சிறுத்துக் கழுத்துப் பருத்த நாய்கள் தட்டைப் பட்டியைக் கழற்றிக்கொண்டு ஓடிவிடும். அவற்றுக்கு அரைச்சுருக்குப் பட்டி உண்டு. அது ஓரளவுக்கு மேல் இறுகாது. முழுதாக இறுக்கிப் பார்க்கும்போது அதன் இரு வளையங்களும் முட்டாமல் நின்றால் அளவு சரி. முகப்பட்டி என்பது ஏறக்குறைய மாட்டுக்குப் போடும் முகக்கயிறுதான். தலை திரும்பிய பக்கம் உடலும் திரும்பும். அது வாய்மூடியல்ல, நாய் தாராளமாக வாய் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதில் வெட்டி இழுத்தால் கழுத்து நோகும். உள்ளே முள்ளுகள் உள்ள பட்டியையும் மின்சாரப் பட்டியையும் வாங்காதீர்கள். வேல்ஸில் மின்சாரப் பட்டி 2010இல் தடைசெய்யப்பட்டது. ஜேர்மனியில் 2022 முதல் முட்பட்டியைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவது சட்டவிரோதம்.

நாங்கள் வாங்கியது நெஞ்சுப்பட்டி. முதுகில் கொளுவும் வகையைத் தவிர்த்து, நெஞ்சின் முன்பக்கம் வளையமுள்ளதை எடுத்தோம். முதுகில் கொளுவினால் நாய் வண்டில் மாடுபோல் இன்னும் பலமாக இழுக்கும். முன்னால் கொளுவினால் இழுத்த வேகத்திலேயே எங்கள் பக்கம் திரும்பிவிடும். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 26 நாய்களைப் பரிசோதித்தபோது, கழுத்துப்பட்டியோடு இழுக்கையில் கண்ணின் உள்ளழுத்தம் கூடியதாகவும் நெஞ்சுப்பட்டியில் அப்படிக் கூடவில்லை என்றும் கண்டிருக்கிறார்கள். முன்னங்கால் இடுக்கில் உரசுகிறதா என்று மட்டும் கவனிக்க வேண்டும்.

மற்றபடி பயிற்சி மிகச் சாதாரணமானது, பொறுமைதான் வேண்டும். வீமன் இழுத்தால் நான் மரம்போல் நின்றுவிடுவேன். வார் இளகியதும் நடப்பேன், அவித்த ஈரலில் ஒரு சிறு துண்டு கொடுப்பேன். முதல் நாள் படலையிலிருந்து சந்திக்குப் போக 40 நிமிடம் எடுத்தது. தைப்பொங்கலுக்கு முன் அம்மா அவனைத் தானே கூட்டிக்கொண்டு போனார், வாரைக் கையில் சுற்றாமல் மடித்துப் பிடித்தபடி.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது வேறொரு வீடு. சென்ற மாதம் தையல் செய்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் அக்கா ஒருவரிடம் போயிருந்தேன். அவரது நாய்க்குட்டிக்கு ஏழு மாதம். மூன்று மாதத்தில் கட்டிய கயிறு அப்படியே கிடக்க, கழுத்து வளர்ந்து கயிறு சதைக்குள் போய்விட்டது. அவர் இரக்கமில்லாதவர் அல்ல. நீண்ட மயிருக்குள் கயிறு தெரியவில்லை, நாற்றம் வந்த பிறகே கண்டிருக்கிறார். மிருக வைத்தியர் மயக்க மருந்து கொடுத்து வெட்டியெடுத்தார். பெரிய இன நாய்கள் ஒரு வயது தாண்டியும் வளரும் என்பதை மறந்துவிடுகிறோம்.

புண் ஆறியபின் போனபோது குட்டியின் கழுத்தில் புதிய பட்டி. பழைய பள்ளிக்கூடப் பையின் வாரை இரட்டையாக மடித்து, பையின் இரும்பு வளையத்தையே வைத்து, தையல் மெசினில் நாலு பக்கமும் குறுக்கும் அடித்துத் தைத்திருந்தார். கழுத்தைத் தையல் நாடாவால் அளந்து, வளர்ச்சிக்கென்று ஐந்து துளைகள் கூடுதலாகப் போட்டிருந்தார். ஞாயிறுதோறும் விரல் விட்டுப் பார்ப்பது மூத்த மகளின் வேலை.

"அம்மா, ரெண்டு விரல் போகுது!" என்று நான் இருக்கும்போதே கூப்பிட்டாள்.

"உன்ரை விரல் சின்னன் பிள்ளை, பொறு" என்றபடி அவர் மெசினைவிட்டு எழும்பிப் போய்த் தன் விரல்களை விட்டுப் பார்த்தார். பிறகு ஒரு துளை தள்ளிப் போட்டார்.