வாளிக்குப் போகும் சாட்சி

முழங்கால் வீங்கிப் படுத்த பேசாலைக் கடற்றொழிலாளிக்கு முதலில் கிடைப்பது ‘வாதம்’ என்ற சொல்லும் வலி மாத்திரையுமே. 2006 இன் இறுதியில் சிக்குன்குனியா மன்னாரையும் தாக்கிய பின்னர் இன்னொரு பெயரும் சேர்ந்துகொண்டது. மூட்டு வலித்தால் சிக்குன்குனியா. அத்துடன் விசாரணை முடிந்தது.

நான் மருத்துவன் அல்லன். ஆயினும் சாட்சியை விசாரியாமல் தீர்ப்பெழுதலாகாது என்பதைச் செய்தித்தொழில் எனக்குக் கற்பித்திருக்கிறது. முழங்காலின் சாட்சி, அதனுள் தேங்கிய நீர். அதனை ஊசியால் உறிஞ்சுகிறார்கள், வீக்கம் வற்றுகிறது, நீர் வாளிக்குப் போகிறது!

தெளிந்து, பாகுபோல் இழுபடும் நீர் பெரும்பாலும் தேய்மானத்தைக் குறிக்கும். கலங்கினால் அழற்சி. ஒரு கன மில்லிமீற்றரில் வெண்குருதிக் கலங்கள் 2,000 ஐத் தாண்டினாலும் அழற்சியே. 50,000 ஐத் தாண்டினால் கிருமித்தொற்றென்றே ஐயுற வேண்டும். (குறைவாயிருந்தால் தொற்றில்லை என்று அடித்துச் சொல்லவும் இயலாது, அதற்குத்தான் கிருமி வளர்ப்புச் சோதனை.) தொற்றிய மூட்டின் குருத்தெலும்பு சில நாட்களிலேயே அழியக்கூடும். அதனுள் பரிசோதியாமல் ஸ்டீரொயிட் ஏற்றுவதை மருத்துவம் என்று நான் ஒப்பமாட்டேன்.

“இரத்தத்தில் யூரிக் அமிலம் பார்த்தாயிற்றே” என்பார்கள். கவுட் நோயின் வலி உச்சத்தில் அந்த அளவு இயல்பாகவும் இருக்கலாம். மூட்டுநீரில் ஊசி வடிவ யூரேற் படிகங்களை முனைவாக்கிய ஒளியில் கண்டறியலாமென மக்கார்ட்டியும் ஹொலண்டரும் 1961 இலேயே காட்டிவிட்டனர்.

கலங்களை எண்ணவும் கிராம் சாயமிட்டுக் கிருமி தேடவும் சாதாரண நுணுக்குக்காட்டியே போதும். கோடி ரூபா இயந்திரம் எவரும் கேட்கவில்லை. பேசாலையிலிருந்து மன்னார் நகருக்குப் பேருந்து ஓடுகிறது. பெயரெழுதிய ஒரு குப்பிக்கு அதில் இடமில்லையா?